சபை எடுத்துக்கொள்ளப்படுவது எப்பொழுது? ஏற்காட்டு வேதபாட முகாம் ஒன்றின் மதிப்புரை

கிறிஸ்துவின் வருகையில் சபை, அதாவது விசுவாசிகள், அவரைச் சந்திக்க மேலே எடுத்துக்கொள்ளப்படுவது, கடைசிக் காலத்தின் கொடிய துன்பமாகிய மகா உபத்திரவத்திற்கு முன்பா, நடுவிலா, முடிவிலா என்னும் ஒரே கேள்விக்காக, ஏற்காட்டில் உள்ள தியான மையம் ஒன்று வியாழன் மாலை முதல் சனி மாலை வரை வேதபாட முகாம் நடத்தியது. ஒவ்வொரு கருத்தையும் அதை மறுக்கிறவர் அல்ல, அதை உண்மையாகவே நம்புகிறவரே வந்து போதிப்பார் என்று அழைப்பிதழில் உறுதி கூறியிருந்தார்கள். சேலத்தில் ஞாயிறு பள்ளியின் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நான் பெயர் கொடுத்ததற்கு அந்த உறுதிமொழியே காரணம். ஆகவே அறையையும் உணவையும் விட, அந்த வாக்கை அவர்கள் எந்த அளவுக்குக் காத்தார்கள் என்பதையே இங்கு முதன்மையாக எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட முகாமுக்குத் தேவை இருக்கிறது. சேலத்தில் ஒரே குடும்பத்துக்குள் தாய்வீடு சி.எஸ்.ஐ., புகுந்த வீடு பெந்தெகொஸ்தே, பெரியப்பா வீடு கத்தோலிக்கம் என்று இருப்பது புதிதல்ல. அடக்க ஆராதனையில் 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும்போது எல்லோரும் ஒன்றாக நின்று கண்ணீர் விடுகிறார்கள். சில நாட்கள் கழித்து ஆறுதல் ஜெபக்கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் வேளையில், அதே வசனங்களை வைத்துக்கொண்டு ‘உலகம் அறியாமல் சபையை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை உண்டு’, ‘அப்படி ஒன்று இல்லவே இல்லை’ என்று குரல் உயர்கிறது. பிள்ளைகளோ சபையில் கேட்பதைவிட அதிகமாகத் தொலைபேசியில் கேட்கிறார்கள். அங்கே யாரோ ஒருவர் தேதியே குறித்துக் கொடுக்கிறார்.

முதல் மாலையை மிக நன்றாகத் திட்டமிட்டிருந்தார்கள். இறையியல் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்ற போதகர் ஒருவர், எந்தக் கருத்தின் பெயரையும் உச்சரிக்காமல், வேதபகுதிகளை மட்டும் வாசிக்கச் செய்தார். 1 தெசலோனிக்கேயர் 4:13 முதல் 5:11 வரை, 1 கொரிந்தியர் 15:51-52, 2 தெசலோனிக்கேயர் 2-ஆம் அதிகாரம், மத்தேயு 24, தானியேல் 9:24-27, வெளிப்படுத்தின விசேஷம் 20 ஆகியவற்றை அவரவர் கையில் இருந்த வேதாகமத்திலிருந்தே வாசித்து, ஒவ்வொரு பகுதியும் வெளிப்படையாகச் சொல்லுவது எது, நாம் அதன்மேல் ஏற்றிச் சொல்லுவது எது என்று இரண்டு பத்திகளாக எழுதச் சொன்னார். ‘ஏழு வருட உபத்திரவம்’ என்று நாம் சரளமாகப் பேசுகிறோம்; அந்த ஏழு, ஒரு நாளை ஒரு வருடமாக எண்ணி, தானியேலின் எழுபதாம் வாரத்துக்குத் தரும் ஒரு விளக்கத்திலிருந்து வருகிறதே தவிர, பவுலின் எந்த நிருபத்திலும் இல்லை என்பது அந்தப் பயிற்சியில்தான் பலருக்கு உறைத்தது.

உபத்திரவத்திற்கு முன் என்னும் கருத்தை எடுத்தவர் பெந்தெகொஸ்தே சபையின் மூத்த பாஸ்டர். தானியேலுக்குச் சொல்லப்பட்ட எழுபது வாரங்களும் இஸ்ரவேல் ஜனத்தையும் எருசலேம் நகரத்தையும் பற்றியவை; அவற்றில் அறுபத்தொன்பது மேசியாவோடு முடிந்தன; எஞ்சியிருக்கும் ஒரு வாரமாகிய ஏழு வருடங்களில் தேவன் மறுபடியும் இஸ்ரவேலோடு இடைப்படுகிறார்; ஆகவே சபைக்கு அங்கே இடமில்லை என்று அடித்தளம் இட்டார். தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று (தம் கோபத்தின் தண்டனைக்கென்று) நியமிக்கவில்லை என்னும் 1 தெசலோனிக்கேயர் 5:9-ஐயும், பிலதெல்பியா சபைக்குச் சொல்லப்பட்ட வெளிப்படுத்தின விசேஷம் 3:10-ஐயும் அதன்மேல் வைத்தார். வெளிப்படுத்தின விசேஷத்தில் 4-ஆம் அதிகாரம் முதல் 22:15 வரை ‘சபை’ என்னும் சொல்லே வருவதில்லை என்பதை எடுத்துக்காட்டிவிட்டு, மௌனத்தின்மேல் ஒரு உபதேசத்தைக் கட்டக்கூடாது, இதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள் என்று அவரே எச்சரித்தார். தம் பக்கத்து வாதத்தின் எடையைத் தாமே குறைத்துச் சொல்லும் போதகரை நான் அதிகம் கண்டதில்லை.

அவருடைய வாதங்களில் வலிமையானது நம் பிரசங்கங்களில் அரிதாகவே கேட்கப்படுவது. வருகையின்போது விசுவாசிகள் யாவரும் ஒரே நாளில் மறுரூபமாகிவிடுகிறார்கள், துன்மார்க்கர் நியாயந்தீர்க்கப்பட்டு அகற்றப்படுகிறார்கள் என்றால், வெளிப்படுத்தின விசேஷம் 20 சொல்லும் கிறிஸ்துவின் ஆயிர வருட அரசாட்சியில் இயற்கையான சரீரத்தோடு வாழ்ந்து பிள்ளை பெறுகிற ஜனங்கள் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டார். சபை முன்னதாக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தால், உபத்திரவ காலத்தில் மனந்திரும்பி உயிர் தப்பியவர்கள் அந்த ஜனங்களாக இருப்பார்கள். ஆயிர வருட அரசாட்சியை எழுத்தின்படி எடுத்துக்கொள்ளுகிற எவரும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

உபத்திரவத்திற்குப் பின் என்னும் கருத்தை எடுத்த பாப்டிஸ்ட் போதகர் வசனங்களின் வரிசையை விட்டு நகரவேயில்லை. மத்தேயு 24:29-31-இல், அந்நாட்களின் உபத்திரவம் முடிந்த பிறகுதான் எக்காள சத்தத்தோடு தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் கூட்டிச் சேர்க்கப்படுகிறார்கள். 2 தெசலோனிக்கேயர் 2-இல் பவுல், கர்த்தருடைய வருகையையும் நாம் அவரிடத்திலே சேர்க்கப்படுவதையும் ஒன்றாகவே சொல்லி, பாவமனுஷன் (அந்திக்கிறிஸ்து) வெளிப்பட்டாலொழிய அந்த நாள் வராது என்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் 20-இல் ‘முதலாம் உயிர்த்தெழுதல்’ என்று பெயர் பெறுவதில், மிருகத்தின் முத்திரையைத் தரிக்காமல் இரத்தசாட்சிகளாய் மரித்தவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஏழு வருடம் முன்பே ஓர் உயிர்த்தெழுதல் நடந்திருந்தால் இது எப்படி முதலாவதாகும் என்று கேட்டார். காக்கப்படுவது என்றால் அகற்றப்படுவது அல்ல என்பதற்கு, உலகத்திலிருந்து அவர்களை எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளவில்லை என்று ஆண்டவர் ஜெபித்த யோவான் 17:15-ஐயும், எகிப்தின் வாதைகளின் நடுவே கோசேன் நாடு காக்கப்பட்டதையும் காட்டினார். வருகை எந்த நொடியிலும் நிகழலாம் என்று முதல் தலைமுறை நம்பியிருந்தால், பேதுரு முதிர்வயதாகி மரிப்பான் என்று யோவான் 21-இல் ஆண்டவர் முன்னறிவித்ததை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்ற கேள்வியை அவர் வைத்தபோது, முந்தின அமர்வின் பாஸ்டரும் குனிந்து குறிப்பெடுத்தார்.

இருவரும் தடுமாறிய இடங்களும் உண்டு. 2 தெசலோனிக்கேயர் 2:3-இல் சொல்லப்பட்ட நாள் நியாயத்தீர்ப்பின் காலமாகிய கர்த்தருடைய நாள்தான், சபை சேர்க்கப்படும் நாள் அல்ல என்று பாஸ்டர் பிரித்துச் சொன்னார். முதலாம் வசனம் இரண்டையும் இணைத்தே தொடங்கும்போது அந்தப் பிரிவினை எனக்கு வலிந்ததாகவே பட்டது. அதேபோல் ஆயிர வருட ஜனங்கள் யார் என்ற கேள்விக்கு, சகரியா 14:16-இல் ஜாதிகளில் மீதியானவர்கள் வருகிறார்களே என்று பாப்டிஸ்ட் போதகர் சொன்ன விடை தொடக்கமாக இருந்ததே தவிர முடிவாக இல்லை. 1956-இல் ஜார்ஜ் எல்டன் லாட் பின் என்னும் கருத்துக்கு ஆதரவாக நூல் எழுத, அடுத்த ஆண்டே ஜான் வால்வூர்டு முன் என்னும் கருத்துக்காக நூல் வெளியிட்டார். அறிஞர்களுக்குள் இத்தனை காலமாக நடக்கும் விவாதத்தை இரண்டு நாளில் தீர்த்துவிடலாம் என்று எதிர்பார்த்து யாரும் மலையேற வேண்டாம்.

நடுவில் என்னும் கருத்தையும், கோபாக்கினைக்கு முன் என்னும் கருத்தையும் ஒரே அமர்வில் ஒரே சகோதரரிடம் ஒப்படைத்தது சரியல்ல. ஏழாம் எக்காளத்தையும் கடைசி எக்காளத்தையும் இணைப்பது, ஏழு வருடத்தின் பாதியைக் குறிக்கும் நாற்பத்திரண்டு மாதம், ஆயிரத்திருநூற்றறுபது நாள் என்ற கணக்குகள் ஆகியவற்றை அவர் ஓடியோடிச் சொன்னார். மார்வின் ரோசென்தால் 1990-இல் வெளியிட்ட நூலால் பரவலாக அறியப்பட்ட இரண்டாவது கருத்து, அந்திக்கிறிஸ்துவின் துன்புறுத்தலையும் தேவனுடைய கோபாக்கினையையும் வேறு வேறாகப் பார்க்கிறது. சபை முந்தினதை அனுபவிக்கும், வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் முத்திரையில் சூரியன் இருண்ட பிறகு எடுத்துக்கொள்ளப்பட்டுப் பிந்தினதற்குத் தப்பும் என்கிறது. முதல் இரண்டு அமர்வுகளிலும் எழுந்த பாதிக் கேள்விகள் இந்த வேறுபாட்டைச் சுற்றியே இருந்தன. அதற்குக் கிடைத்ததோ மதிய உணவு மணி அடிப்பதற்கு முன்னான கடைசிச் சில நிமிடங்கள். மேலும், கைப்பிரதியின் அட்டையில் வண்ணத்தில் அச்சிட்டிருந்த கால வரைபடம் முன் என்னும் கருத்தின் படம் மட்டுமே. மற்றவை உள்ளே கறுப்புக் கோடுகளாக இருந்தன. வாய்மொழியில் நடுநிலையைக் காத்தவர்கள் அட்டையிலும் காத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் பிரசங்கிக்கப்படும் ஒரு கருத்து நிரலிலேயே இல்லை. ஆயத்தமாயிருக்கிற விசுவாசிகள் மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்ற விசுவாசிகள் கைவிடப்பட்டு உபத்திரவத்தில் சுத்திகரிக்கப்படுவார்கள் என்பதே அது. பத்துக் கன்னிகைகள், லூக்கா 21:36, எபிரெயர் 9:28 ஆகியவற்றை ஆதாரமாகக் காட்டி, 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் கோவெட் இதை முறையாக எழுதினார். எங்கள் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதி, பெயர் தெரியாமலே, இதிலிருந்துதான் வருகிறது. கிருபையினால் இரட்சிக்கப்பட்டவன் தன் ஆயத்தக் குறைவினால் விடப்படுவானா என்பது இரட்சிப்பின் உபதேசத்தையே தொடுகிற கேள்வியாதலால், இதற்கென்று ஒரு தனி அமர்வு அவசியம்.

முகாமின் சிறந்த அமர்வு வரலாறு கற்பிக்கும் சகோதரி ஒருவர் நடத்தியது. பழைய சபை எழுத்தாகிய தீதகே தன் 16-ஆம் அதிகாரத்தில் உலகத்தை வஞ்சிக்கிறவன் தோன்றிய பிறகே மரித்தோர் உயிர்த்தெழுவதைச் சொல்லுவதிலிருந்து அவர் தொடங்கினார். சகோதர சபை இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி (1800-1882) அயர்லாந்தில் 1831 முதல் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் கூடிய தீர்க்கதரிசனக் கூட்டங்களில் பங்கேற்றதையும், முன் என்னும் கருத்துக்கு அவர் வடிவம் கொடுத்ததையும், 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கக் குறிப்பு வேதாகமம் அதை உலகமெங்கும் கொண்டுசென்றதையும் தெளிவாக வரிசைப்படுத்தினார். 1830-இல் ஸ்காட்லாந்தில் ஓர் இளம்பெண் கண்ட தரிசனத்திலிருந்தே டார்பி இதை எடுத்தார் என்று சிலர் பரப்பும் குற்றச்சாட்டுக்குப் போதிய சான்று இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். டார்பியின் சகோதர சபை இயக்கத்துக்குள்ளேயே பெஞ்சமின் நியூட்டனும் ஜார்ஜ் முல்லரும் இக்கருத்தை ஏற்கவில்லை என்பது அங்கிருந்த பலருக்குப் புதிய செய்தி.

பிறகு அவர் அந்த வரலாற்றை நம் மண்ணுக்குக் கொண்டுவந்தார். அதே இயக்கத்தின் தொடக்ககால ஊழியரும் முல்லரின் மைத்துனருமான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியாவுக்கு வந்தார். பின்னர் சித்தூரில் தங்கி ஊழியம் செய்தார். அவரோடு பழகிய தமிழ் ஊழியர் ஜான் அருளப்பன், மிஷன் சம்பளத்தை நம்பாமல் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியத்தைக் கட்டினார். 1860-இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த உயிர்மீட்சி (எழுப்புதல்) அவருடைய வட்டத்தில்தான் தொடங்கியது. இந்தக் குரோவ்ஸ் 1836 மார்ச்சில் டார்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒருவருக்கு உள்ள அறிவின் அளவை வைத்து அல்ல, கிறிஸ்துவில் பெற்ற ஜீவனை வைத்தே ஐக்கியம் கொள்ள வேண்டும்; நீங்கள் தவறுகளுக்கு எதிராகச் சாட்சி கொடுப்பதையே வேலையாக்கிக்கொள்ளும் வழியில் போகிறீர்கள் என்பது அதன் சாரம். 1845-இல் பிளிமத்தில் டார்பியும் நியூட்டனும் மோதினார்கள். தீர்க்கதரிசனம் பற்றிய கருத்து வேறுபாடும் அந்த மோதலில் கலந்திருந்தது. 1848-இல் இயக்கமே இரண்டாகப் பிரிந்தது. வருகையின் நேரத்தைப் பற்றிய விவாதம் தொடங்கிய இடத்திலேயே, அதனால் சபை உடையாமல் காப்பது எப்படி என்ற எச்சரிக்கையும் எழுந்திருந்தது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். இந்த ஒரு அமர்வுக்காகவே முகாமைப் பரிந்துரைப்பேன்.

தேதி குறிப்பதைப் பற்றி அந்தச் சகோதரி அதிகம் பேசவில்லை, பேசவும் தேவையில்லை. வில்லியம் மில்லரின் கணக்கைப் பின்பற்றியவர்கள் எதிர்பார்த்த 1844 அக்டோபர் 22-உம், எட்கர் விசனன்ட் குறித்த 1988-உம், ஹெரால்டு கேம்பிங் குறித்த 2011 மே 21-உம் கடந்து போயின. மத்தேயு 24:36 அப்படியே நிற்கிறது.

பெரிய குறை இனிமேல்தான் வருகிறது. தனியாக ஓர் எடுத்துக்கொள்ளப்படுதல் என்று ஒரு நிகழ்ச்சி இல்லை, கிறிஸ்து ஒரே தரம் மகிமையோடு வருவார், அப்பொழுதே உயிர்த்தெழுதலும் நியாயத்தீர்ப்பும் நடக்கும், 1 தெசலோனிக்கேயர் 4 சொல்லுவதும் அந்த ஒரே வருகையைத்தான் என்னும் நம்பிக்கையைப் போதிக்க ஒருவரையும் அழைக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளைச் சபையின் காலமாகவே கொண்ட அகுஸ்தீன் (354-430) காலம் முதல் மேற்கத்தியச் சபையில் மிகப் பரவலாக நிலைத்துவந்தது இந்தக் கருத்துதான். ‘உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க’ அவர் வருவார் என்று ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லுகிறவர்களில் மிகப் பலர் அதை இப்படியே புரிந்துகொள்ளுகிறார்கள். லண்டன் மிஷன் ஊழியத்தில் வேர்கொண்ட சேலத்து சி.எஸ்.ஐ. குடும்பங்களும், 1930-இல் உருவான சேலம் கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்களும், லுத்தரன் சபையாரும் அந்த மண்டபத்தில் கணிசமாக இருந்தார்கள். அவர்களுடைய நம்பிக்கையை, அதை நம்பாத ஒருவர், முடிவுரையின் இடையில் ‘வசனத்தை ஆவிக்குரிய அர்த்தமாக மாற்றுகிறவர்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் கடந்துபோனார். அழைப்பிதழ் கொடுத்த வாக்கு மீறப்பட்டது அங்கேதான். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது, இறந்துபோன சகோதரரைக் குறித்துத் துக்கித்தவர்களைத் தேற்றுவதற்காக. அந்தப் பகுதியைக் கல்லறையருகே நூற்றாண்டுகளாக வாசித்துவரும் சபைகளுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒரு மணி நேரமாவது கொடுத்திருக்க வேண்டும்.

வெள்ளி இரவு வாலிபர் கூட்டத்தைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியாது. வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பேச்சாளர், காலையில் எழுந்து பார்க்கும்போது அப்பா அம்மா படுக்கையில் இல்லையென்றால் என்ன செய்வாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, விளக்குகளை அணைத்து, ஒலிபெருக்கியில் எக்காள சத்தத்தை ஒலிக்கச் செய்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அழுதார்கள். ஒரு சிறுமி அன்றிரவு தாயின் கையை விடவே இல்லை. பகலில் பெரியவர்களுக்கு அத்தனை கவனத்தோடு போதித்தவர்கள், இரவில் பிள்ளைகளை இப்படி ஒருவர் கையில் ஒப்படைத்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ‘இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்’ என்று முடிகிற பகுதியைக் கொண்டு பிள்ளைகளைப் பயமுறுத்துவது, எந்தக் கருத்தை நம்புகிறவருக்கும் தகாது. மறுநாள் காலை நடத்துநர்களிடம் இதை நேரில் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார்கள்.

சனி பிற்பகல் கேள்வி நேரத்தில் போதகர்கள் அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். வயதான ஒரு தாயார் எழுந்து, “பாஸ்டர் ஐயா, என் மகன் வேலை பார்க்கும் ஊரில் ஜெபக்கூட்டம் நடத்தினாலே அடிக்கிறார்கள். நாம் உபத்திரவத்துக்குத் தப்பிப் போய்விடுவோம் என்று அவனுக்கு நான் எப்படிச் சொல்லுவேன்?” என்று கேட்டார். பாஸ்டர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அம்மா, அப்படிச் சொல்லாதீர்கள். உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். நான் போதித்தது தேவனுடைய கோபாக்கினைக்குத் தப்புவதைப் பற்றி. மனுஷர் கையால் வரும் பாடுகளுக்குத் தப்புவதைப் பற்றி அல்ல. உங்கள் மகன் படுவதை நான் பட்டதில்லை,” என்றார். பாப்டிஸ்ட் போதகர் அதோடு ஒன்றையும் சேர்க்காமல், அந்த மகனுக்காக ஜெபிக்கலாமா என்று மட்டும் கேட்டார். இந்த நேரத்தை இன்னும் நீட்டியிருக்கலாம். பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்காக முடித்துவிட்டார்கள்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கட்டணம் நியாயமானது, ஏற்காட்டு விடுதியில் ஓரிரவு தங்கும் செலவுக்குள் உணவும் தங்குமிடமும் அடங்கிவிடுகின்றன. உணவு எளியது, சூடாகப் பரிமாறினார்கள், தோட்டத்துக் காப்பி மிக நன்று. போர்வைகள் மெல்லியவை; கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இரவுக் குளிர் முதியவர்களைத் தாக்கும், ஆகவே கம்பளி கொண்டுசெல்லுங்கள். மண்டபத்துக்குப் படிகள் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே கீழ்த்தள அறை கேட்டுக்கொள்ளலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தலைசுற்றல் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு பேருந்து ஏற வேண்டாம். சனி மாலையே முடித்து, ஞாயிறு ஆராதனைக்கு ஒவ்வொருவரையும் அவரவர் சபைக்கே அனுப்பியது பாராட்டத்தக்கது. எந்தச் சபையிலிருந்தும் ஆட்களைப் பிரித்தெடுக்கும் எண்ணம் இவர்களுக்கு இல்லை என்பது அதில் தெரிந்தது.

தங்கள் சபையின் போதனையை மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள், குறிப்பாக ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் வீட்டு ஜெபக்குழு நடத்துகிறவர்களும், இந்த முகாமுக்குப் போக வேண்டும் என்பது என் பரிந்துரை. நிரலில் விடுபட்ட இரண்டு கருத்துகளுக்கும் தனி அமர்வு வேண்டும், அவற்றை நம்புகிறவர்களையே அழைக்க வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முகாமுக்கு எங்கள் மேல் வகுப்புப் பிள்ளைகளையும் அழைத்துச்செல்ல விரும்புகிறேன்; வாலிபர் கூட்டத்தை யார் நடத்துகிறார், எப்படி நடத்துகிறார் என்று முன்னதாகக் கேட்டறிந்த பின்னரே அவர்கள் பெயர்களைக் கொடுப்பேன்.